பட்சி சொன்னால் கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கடந்த சில மாதங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தைப் பற்றியவை ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பாளையங்கோட்டையில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவனிடம் சீட்டாட்டத்தைக் கேட்கிறார்களே என்று முதலில் தயங்கினேன். படித்துப் பார்த்தபோது, பெரும்பாலான கடிதங்கள் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு சொற்களில் கேட்கின்றன என்பது புரிந்தது. ‘என் பட்சி சொல்லுது’ என்று நாம் சொல்வோமே, அந்தப் பட்சியின் பேச்சைக் கேட்கலாமா, கூடாதா என்பதுதான் அது. எனவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

தொடங்கும் முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை சார்ந்தவை, அதிர்ஷ்டம் சார்ந்தவை என்று பிரிக்காமல் ஒருசேரத் தடை செய்கிறது. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்களா என்று 2023 வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வாதமெல்லாம் இந்தச் சட்டத்துக்குப் பிறகு ஏட்டளவில்தான் நிற்கிறது. ஆகவே கீழே நான் சொல்பவை, பணமில்லாத இலவசச் சிப்புகளை (பந்தயமாக வைக்கும் வில்லைகளை) வைத்து ஆடுகிறவர்களுக்கும், அனுமதி உள்ள நாடுகளில் வாழ்கிறவர்களுக்கும் உரியவை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் சிப்பு வைக்கலாம், எதிராளி வைத்ததற்கு ஈடுகட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். நடுவில் சேரும் சிப்புக் குவியலுக்குப் பாட் என்று பெயர். கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாக வைத்து எதிராளியை விரட்டுவது பிளஃப்.

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு வணக்கம். இலவசச் சிப்புகளை வைத்து நடக்கும் இணையப் போக்கர் போட்டிகளில் ஓராண்டாக ஆடி வருகிறேன். எதிராளி பெரிய தொகையை வைக்கும்போது, ‘இவன் சும்மா மிரட்டுகிறான்’ என்று மனதில் சட்டென்று படுகிறது. ஆனாலும் துணிவு வராமல் சீட்டைப் போட்டுவிடுகிறேன். பிறகு பார்த்தால் நான் நினைத்ததே சரியாக இருக்கிறது. என் உள்ளுணர்வை நம்பப் பழகுவது எப்படி?
– வாசகர், கடையநல்லூர்

தம்பி, ‘பிறகு பார்த்தால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படிப் பார்த்தீர்கள்? நீங்கள் விலகிய பிறகு எதிராளி தம் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் போக்கரில் இல்லை. பாட்டை எடுத்துக்கொண்டு, சீட்டைக் கவிழ்த்தபடியே அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாம். அப்படியிருந்தும் வலிய வந்து காட்டுகிறவர் பெரும்பாலும் யாரென்றால், ஏமாற்றிய மகிழ்ச்சியில் உங்களைச் சீண்டிப் பார்க்க நினைப்பவர். நல்ல சீட்டை வைத்துக்கொண்டு நியாயமாக வென்றவருக்கு அதைக் காட்டுவதில் அத்தனை சுவை இல்லை. ஆகவே உங்கள் கண்ணில் பட்டவையெல்லாம் பொய் மிரட்டல்களாகவே இருந்திருக்கும்; படாமல் போனவை எத்தனை என்பது உங்களுக்குத் தெரியாது. தேறிய மாணவர்கள் மட்டும் இனிப்போடு வீட்டுக்கு வருவதைப் பார்த்துவிட்டு, ‘என் வகுப்பே தேறிவிட்டது’ என்று நானும் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தவன்தான்.

இதனால் உங்கள் உள்ளுணர்வு பொய் என்று ஆகிவிடாது. அது மெய்யா பொய்யா என்று சோதிக்கும் வழி இதுவரை உங்களிடம் இல்லை, அவ்வளவே.

உள்ளுணர்வு எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். குற்றாலம் உங்களுக்கு எட்டும் தொலைவு. பேரருவியில் ஆண்டுக்கணக்காகக் குளித்துப் பழகிய ஒருவர், தெளிவாக விழுந்துகொண்டிருந்த நீரில் திடீரென்று செம்மண் நிறமும் சருகும் குச்சியும் கலந்து வருவதைப் பார்த்தால், காரணம் சொல்ல நிற்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மேலே காட்டில் மழை கொட்டியிருக்கிறது, வெள்ளம் வருகிறது என்ற விளக்கமெல்லாம் கரையேறிய பிறகுதான் அவர் வாயில் வரும். முன்பு பார்த்த ஒன்றை மனம் மீண்டும் அடையாளம் கண்டுகொள்வதே உள்ளுணர்வு என்று, 1978இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் விளக்கினார். தீயணைப்புப் படைத் தலைவர்களின் முடிவுகளை ஆராய்ந்து உள்ளுணர்வைப் போற்றிய கேரி க்ளைனும், மனித மதிப்பீட்டின் பிழைகளை ஆராய்ந்து அதை ஐயுற்ற டேனியல் கானமனும் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள். அவ்விருவரும் சேர்ந்து 2009இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள். நாம் பழகும் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். நாம் செய்தது சரியா தவறா என்ற பதில் நமக்கு உடனுக்குடன், தெளிவாக, பல முறை கிடைக்க வேண்டும். குற்றாலத்தில் இரண்டும் உண்டு. போக்கரில் முதலாவது ஓரளவு உண்டு, இரண்டாவதில்தான் சிக்கல். மேலே சொன்னபடி, பாதி நேரம் பதிலே கிடைப்பதில்லை. கிடைக்கும் பதிலும் பல முறை பொய் சொல்லும்; அதை அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ‘மிரட்டுகிறான், மிரட்டவில்லை’ என்று இரண்டில் ஒன்றாக நினைப்பதை முதலில் விடுங்கள். பாட்டில் 300 சிப்பு இருக்கிறது, எதிராளி மேலும் 300 வைக்கிறார் என்று கொள்வோம். 300 கொடுத்தால் 600 கிடைக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. மூன்று முறை இப்படி ஈடுகட்டி, இரண்டு முறை தோற்று, ஒரு முறை வென்றாலும் உங்களுக்கு நட்டமில்லை. அவர் 150 மட்டும் வைத்தால் நான்கில் ஒரு முறை சரியாக இருந்தாலே போதும். ஆகவே பட்சி ‘இது மிரட்டல்’ என்று உறுதியாகக் கூவ வேண்டியதில்லை. ‘பத்துக்கு நாலு மிரட்டலாக இருக்கும்’ என்று முணுமுணுத்தாலும், பாட் அளவு வைத்திருக்கும் எதிராளிக்கு ஈடுகட்டுவதே முறை. உங்களுக்குத் துணிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது துணிவுக் குறைவாகத் தோன்றவில்லை. உறுதி வந்த பிறகே செயல்பட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இந்த ஆட்டம் அந்த உறுதியை என்றைக்கும் தராது.

அந்தப் ‘பத்துக்கு நாலு’ எங்கிருந்து வருகிறது? எதிராளி சொல்லும் கதை பொருந்துகிறதா என்பதிலிருந்து. முதல் மூன்று பொதுச் சீட்டில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்) இனம். அவர் ஏற்றாமல் ஈடுகட்டி மட்டும் வருகிறார். கடைசிச் சீட்டாக மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் பெரிதாக வைக்கிறார். இந்தக் கதை பொருந்துகிறது. ஒரே இனத்தில் ஐந்து சேர அவர் காத்திருந்திருக்கலாம். மாறாக, தொடக்கம் முதல் தயங்கித் தயங்கி ஈடுகட்டி வந்தவர், யாருக்கும் பயன்படாத ஒரு கிளாவர் இரண்டு விழுந்ததும் பாட்டைப் போல் இரண்டு மடங்கு வைக்கிறார் என்றால், அந்தச் சீட்டு அவருக்கு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்காமல் மனம் உறுத்துகிறதே, அந்த உறுத்தலுக்கு மதிப்பு உண்டு. அப்போதும் எண்ணாக எழுதுங்கள். ஒரு நோட்டில் தேதி, எதிராளி வைத்த அளவு, உங்கள் மனதில் பட்ட எண், இந்த மூன்றையும் பொத்தானை அழுத்தும் முன்பே குறித்துவிட வேண்டும். சீட்டு இரு பக்கமும் திறக்கப்பட்ட ஆட்டங்களை மட்டும் பின்னால் எண்ணிப் பாருங்கள். வலிய வந்து காட்டிய சீட்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஐயா, நான் களக்காட்டைச் சேர்ந்தவன். லண்டனில் வேலை பார்க்கிறேன். இங்கே உரிமம் பெற்ற தளத்தில் மாதம் ஒரு முறை சிறு தொகைக்கு ஆடுவதுண்டு. மூன்று போட்டிகளில் தொடர்ந்து ஆஸ் ஜோடியை வைத்துக்கொண்டு எல்லாச் சிப்பையும் இழந்து வெளியேறினேன். இப்போது ஆஸ் ஜோடி வந்தாலே மனம் ‘வேண்டாம்’ என்கிறது. இந்த எச்சரிக்கையைக் கேட்க வேண்டுமா?
– வாசகர், லண்டன்

வேண்டாம். ‘சூடு கண்ட பூனை’ என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இரண்டு ஆஸும் சேர்ந்து கைக்கு வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. எதிராளியிடம் கிங் ஜோடி இருந்து, இருவரும் எல்லாச் சிப்பையும் வைத்துவிட்டால், ஆஸ் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 82. இதைவிட நல்ல நிலை போக்கரில் அரிது. ஆனால் இதே நிலை ஐந்து முறை வந்தால், ஐந்திலும் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? 0.82ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.37. அதாவது, ஒரு பிழையும் செய்யாத ஆட்டக்காரர்கள் நூறு பேரில் 63 பேர் அந்த ஐந்தில் ஒன்றிலாவது தோற்றிருப்பார்கள். போட்டியில் ஒரு முறை எல்லாம் இழந்தால் வெளியேற்றம் என்பதால், அந்த ஒன்று மட்டும் மனதில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. வென்ற நான்கும் மறந்துபோகின்றன.

உங்கள் மூன்று தோல்விகளில் எத்தனை இப்படிப்பட்டவை என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றைக் கேட்கிறேன்: அந்த ஆட்டங்களில் தொடக்கத்திலேயே ஏற்றி எதிராளிகளைக் குறைத்தீர்களா, அல்லது பதுங்கி இருந்து நான்கைந்து பேரை உள்ளே விட்டீர்களா? ஏதோ ஒரு கையுடன் ஒருவர் மட்டும் எதிர்த்து நின்றால் ஆஸ் ஜோடி நூற்றுக்கு 85 முறை வெல்லும். நான்கு பேர் நின்றால் அது 56ஆக இறங்கிவிடும். இரண்டாவது வகையில் தோற்றிருந்தால் பழி உங்கள் பதுங்கலைச் சேரும், ஆஸை அல்ல. முடிவு கெட்டதாக அமைந்ததால் தீர்மானமும் கெட்டது என்று நினைப்பது, விதைத்தவன் குற்றத்தையும் மழையின் குற்றத்தையும் ஒன்றாகக் கூட்டி எழுதும் கணக்கு. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிப் பாருங்கள்.

போட்டிக்கு உட்காரும் முன் கவுளி சொல்லும் திசையை என் தம்பி பார்க்கிறான். வலக்கண் துடித்தால் துணிந்து ஆடுகிறான். இது உள்ளுணர்வில் சேருமா?
– வாசகி, சங்கரன்கோவில்

சேராது, அம்மா. சீட்டைக் கலைப்பது எங்கோ ஓர் அறையில் இருக்கும் கணினி. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லிக்கு அந்த முகவரி தெரியாது.

நேரில் ஆடினால் எதிராளியின் கண்ணையும் கையையும் பார்க்கலாம். இணையத்தில் முகமே தெரியாதபோது உள்ளுணர்வுக்கு எங்கே இடம்? அதைவிடக் கணினி நிரல் சொல்வதைக் கேட்பது நல்லதல்லவா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பது என்பது திரைப்படங்கள் வளர்த்துவிட்ட ஆசை. முகம் இல்லாமலே போக்கரை மிக நன்றாக ஆட முடியும் என்பதற்கு மறுக்க முடியாத சான்று உண்டு. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேடஸ் என்ற நிரல், 2017 ஜனவரியில் 20 நாட்கள், 1,20,000 ஆட்டங்கள், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒருவருக்கு ஒருவராக மோதி வென்றது. 2019இல் அதன் தம்பியான ப்ளூரிபஸ் ஆறு பேர் அமரும் மேசையிலும் வென்றது. இரண்டுக்கும் கண் கிடையாது. ஆனாலும் இரண்டும் அழகாகப் பிளஃப் செய்தன. மேலே கடையநல்லூர்த் தம்பிக்குச் சொன்ன ‘மூன்றில் ஒன்று’ கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள்: பாட் அளவு வைக்கும்போது மூன்றில் ஒரு முறை வெறுங்கையாக இருந்தால், ஈடுகட்டுவதா விலகுவதா என்று எதிராளிக்கு எந்த வழியும் மேலாகத் தெரியாது. பொய்யை இந்த விகிதத்தில் கலப்பதற்குக் கள்ள முகம் தேவையில்லை, கணக்கு போதும்.

இந்த ப்ளூரிபஸ் பற்றி உங்களுக்கு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். முந்திய கட்டத்தில் வெறுமனே ஈடுகட்டியவர், அடுத்த கட்டத்தில் தாமே முந்திக்கொண்டு சிப்பு வைப்பது கற்றுக்குட்டித்தனம் என்று போக்கர் உலகில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. அந்த ஆட்டத்துக்குக் கழுதை ஆட்டம் என்று பொருள்படும் பட்டப்பெயர்கூட வைத்திருந்தார்கள். ப்ளூரிபஸ் அதைத் தொழில்முறையாளர்களைவிட மிக அதிகமாகச் செய்தது, செய்து வென்றது. தேர்ந்த ஆட்டக்காரர்களின் உள்ளுணர்வு என்று கருதப்பட்டதில் ஒரு பங்கு, ஒருவர் சொல்லி மற்றவர் கேட்ட பேச்சாகவே இருந்திருக்கிறது. நம் மனதில் ‘படுவது’ நாமே கண்டு பழகியதா, யாரோ காதில் போட்டதா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் அதைச் செய்யாமல் பட்சியை வளர்க்க முடியாது.

நிரலைக் கேட்கலாம்தானே என்றால், ஆட்டம் முடிந்த பிறகு கேளுங்கள். ஆடும்போதே கேட்பது ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் விதிமீறல். தேர்வு அறையில் துண்டுச் சீட்டு வைத்திருப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இணையத்திலும் குறிப்புகள் உண்டு. வைக்கும் அளவு ஒன்று. எடுத்துக்கொள்ளும் நேரம் மற்றொன்று. வழக்கமாக நான்கு நொடியில் முடிவெடுப்பவர் பதினைந்து நொடி யோசித்துவிட்டுப் பெரிதாக ஏற்றினால், அதில் செய்தி இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். மாஞ்சோலைப் பக்கம் உட்கார்ந்து ஆடுகிறவரின் நீண்ட யோசனையில் பெரும் பங்கு செல்போன் கோபுரத்தினுடையது.

என் கணவர் முன்பு பணம் கட்டிப் போக்கர் ஆடி நகையை அடகு வைத்தார். தடை வந்த பிறகு நின்றுவிட்டது என்று நினைத்தேன். இப்போது ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் ஒளிந்து ஆடுகிறார். ‘இன்று வெல்வேன் என்று உள்ளுணர்வு சொல்கிறது’ என்று சொல்லிவிட்டு இரவு முழுதும் விழித்திருக்கிறார். இரு பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வீரவநல்லூர்

சகோதரி, ‘இன்று வெல்வேன்’ என்பதை உள்ளுணர்வு என்று அழைக்க நான் ஒப்பமாட்டேன். முன் பார்த்த எதையும் அது அடையாளம் காணவில்லை. இழந்ததை மீட்க வேண்டும் என்ற தவிப்புதான் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறது. கடந்த ஆட்டத்தில் தோற்றவருக்கு அடுத்த ஆட்டத்தில் நல்ல சீட்டைத் தர வேண்டும் என்ற கடன் சீட்டுக்கட்டுக்கு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சூதாட்ட நோயைத் தன் நோய்ப் பட்டியலில் அடிமைப் பழக்கங்களின் கீழ் வைத்திருக்கிறது. ஆகவே இதை ஒழுக்கக் கேடு என்று உறவினரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பதைவிட, மருத்துவம் தேவைப்படும் நிலை என்று கருதி நடப்பது பயன் தரும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்; கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் முதலில் தனியாகப் பேசுங்கள். நேரில் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை உடனே செய்ய வேண்டியவை வேறு. சம்பளம் வரும் கணக்கில் அன்றாடப் பரிமாற்ற வரம்பைக் குறைக்க வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்குரிய தொகையை உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றுங்கள். மீதமிருக்கும் நகையை உங்கள் பொறுப்பில் வையுங்கள். ஒளிந்து இயங்கும் தளத்தில் வென்ற பணத்தைத் தராவிட்டால் கேட்பதற்கு இங்கே யாரும் இல்லை என்பதை அவருக்கு ஒரு முறை நிதானமாகச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதிக்காமல் புகார் செய்யுங்கள். இந்த இதழில் மற்றவர்களுக்கு நான் சொல்லும் நோட்டு, விகிதம் எதையும் தயவுசெய்து அவரிடம் காட்ட வேண்டாம். அவர் நிலையில் அது எரியும் தீயில் வார்த்த நெய்யாகிவிடும்.

அண்ணாச்சி, இலவசப் போட்டிகளில் பாதி வரை நன்றாக வருகிறேன். பரிசுப் பட்டியலை நெருங்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ‘பொறு, பொறு’ என்று மனம் சொல்கிறது. பொறுத்துப் பொறுத்தே சிப்பு கரைந்து வெளியேறுகிறேன். இந்தப் படபடப்பு எச்சரிக்கையா, வெறும் பயமா?
– வாசகர், வள்ளியூர்

உள்ளங்கை வியர்வையைப் பற்றி ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1990களில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில், நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்து விரும்பியதிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். இரண்டு கட்டுகள் பெரிய பரிசும் அதைவிடப் பெரிய தண்டமும் தருபவை. மற்ற இரண்டும் சிறிய பரிசு, சிறிய தண்டம் தந்து முடிவில் இலாபம் தருபவை. கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போது, ஏன் என்று வாயால் சொல்லத் தெரியும் முன்பே ஆட்டக்காரர்களின் கை வியர்த்தது என்று அவர்கள் பதிவு செய்தார்கள். இதைச் சொல்லி ‘உடல் பொய் சொல்லாது’ என்று பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் 2004இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையில் கேள்விகளை நுணுக்கமாகக் கேட்டபோது, கெட்ட கட்டு எது என்பது ஆட்டக்காரர்களின் அறிவுக்கே முன்கூட்டித் தெரிந்திருந்தது என்று தெரியவந்தது. அதோடு, அங்கே ஒரே நான்கு கட்டுகளிலிருந்து நூறு முறை எடுத்தார்கள். பதில் உடனுக்குடன் கிடைத்தது. நீங்கள் பரிசுக் கட்டத்தை எத்தனை முறை கண்டிருப்பீர்கள்? உங்கள் உடலுக்கு அங்கே இன்னும் பாடம் ஆகவில்லை. அது வெளியேற்றத்துக்குத்தான் வியர்க்கிறது, சீட்டுக்கு அல்ல.

கணக்கைப் பார்ப்போம். உங்களிடம் 12,000 சிப்பு. கட்டாயமாக வைக்க வேண்டிய பிளைண்ட் 500, 1,000. மேசையில் ஒன்பது பேர். ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் ஒன்றும் செய்யாமலே 1,500 போய்விடும். எட்டுச் சுற்றில் வெறுங்கை. பிளைண்ட் குறித்த நேரத்துக்கு ஒரு முறை ஏறிக்கொண்டே போவதால் உண்மையில் அந்த எட்டுகூட நிற்காது; நான்கைந்தில் முடியும். பொறுத்திருப்பது பாதுகாப்பு என்று பட்சி சொல்வது, சேமிப்பைக் காத்துப் பழகிய பட்சியின் பேச்சு. பிளைண்ட் ஏறும் மேசையில் சும்மா இருப்பதற்கும் விலை உண்டு. அந்த அளவுக்குச் சிப்பு குறைந்தபின் நடுத்தரமான சீட்டு வந்தாலும், உங்களுக்கு முன்னால் எல்லோரும் விலகியிருந்தால், முதல் ஆளாக எல்லாவற்றையும் வைத்துவிடுவது பல வேளைகளில் சரியான ஆட்டம். மற்றவர் வைத்ததற்கு ஈடுகட்டுவதைவிட முதலில் வைப்பது மேல். ஏனெனில் எதிராளி பயந்து விலகினாலும் நீங்கள் வெல்கிறீர்கள்.

படபடப்பில் ஓர் உண்மையும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. பரிசு உள்ள போட்டியில் முதலிடம் பெறுகிறவர் கடைசியில் மேசையில் உள்ள எல்லாச் சிப்பையும் வைத்திருப்பார். ஆனால் பரிசுத் தொகை முழுவதும் அவருக்குப் போவதில்லை. ஆகவே சிப்பை இரட்டிப்பாக்கினால் பரிசு பெறும் மதிப்பு இரட்டிப்பாகாது. எல்லாம் இழந்தாலோ முழுதும் போய்விடும். பரிசுப் பட்டியலுக்கு ஓரிரு இடம் முன்னால், உங்களைவிடப் பெரிய குவியல் வைத்திருப்பவரோடு மோதுவதற்கு முன் தயங்குவது நியாயமே. உங்களைவிடச் சிறிய குவியல் வைத்திருப்பவர் தம் சிப்பு முழுவதையும் வைத்தால் அந்தத் தயக்கம் வேண்டாம்.

இலவசப் போட்டிக்கு மட்டும் உரிய ஒரு செய்தி: அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லாததால், முதல் ஆட்டத்திலேயே எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சிரிக்கிறவர்கள் நிறைய. அவர்களிடம் பழகிய உள்ளுணர்வு ‘பெரிதாக வைப்பவன் பொய்யன்’ என்று பாடம் கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் கவனமாக ஆடும் மேசைக்குப் பொருந்தாது. எந்தக் குளத்தில் மீன் பிடித்துப் பழகினோமோ அந்தக் குளத்துக்கே அந்தத் தூண்டில்.

எங்கள் அப்பா நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். காலையில் கரையில் நின்று காற்றை முகத்தில் வாங்கிவிட்டு ‘இன்னைக்குப் போக வேண்டாம்’ என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். நான் கடலுக்குப் போகாமல் கணினி வேலைக்கு வந்துவிட்டேன், பொழுதுபோக்கு போக்கர்தான். அப்பாவுக்கு வந்ததுபோல் எனக்கும் வர எத்தனை காலம் ஆகும்?
– வாசகர், உவரி

இந்தக் கடிதத்துக்காகவே மற்ற கடிதங்களையும் எடுத்தேன் என்று சொல்லலாம்.

உங்கள் தந்தைக்குக் கடல் அன்று மாலைக்குள் பதில் சொல்லிவிடும். கச்சான் காற்று எழுந்ததா, நீரோட்டம் திரும்பியதா என்பதை அவர் போனாலும் போகாவிட்டாலும் கரையிலிருந்தே பார்க்கலாம். விலகியவனுக்கும் சீட்டைக் காட்டுகிற எதிராளி கடல். நாற்பது ஆண்டில் பல்லாயிரம் காலைகள். ஒவ்வொன்றும் திருத்தப்பட்ட விடைத்தாள். அப்படிப்பட்டவர்களையே 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ஏமாற்றியது. சில மணி நேரத்தில் வலுத்த அந்தப் புயல், நம் தென்கரையோர மீனவர்கள் முன் பார்த்த எதையும் ஒத்திருக்கவில்லை. பார்க்காத ஒன்றைப் பட்சியால் அடையாளம் காண முடியாது.

உங்கள் கேள்விக்குக் காலமாக அல்லாமல் எண்ணிக்கையாகப் பதில் சொல்கிறேன். உங்கள் கணிப்பு பத்தில் ஏழு முறை சரி என்று நோட்டு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 பதிவுகளில் இருந்து அப்படித் தெரிந்தால், உண்மையான திறன் நூற்றுக்கு 52இலிருந்து 88 வரை எங்கும் இருக்கலாம். நாணயத்தைச் சுண்டிச் சொல்பவருக்கும் உங்களுக்கும் வேறுபாடு அரைகுறையாகத்தான் தெரியும். நூறு பதிவானால் 61 முதல் 79. நானூறானால் 65 முதல் 75 வரை. இணையத்தில் நேரில் ஆடுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஆட்டங்கள் ஓடுவதால் நானூறு என்பது எளிது போலத் தோன்றும். ஆனால் இரு பக்கச் சீட்டும் திறக்கப்பட்டு, உங்கள் எண்ணும் முன்பே எழுதப்பட்டிருக்கும் ஆட்டங்கள் ஒரு மாலையில் சிலவே தேறும்.

மாணவர் விடுதியில் இருந்த காலத்தில் நாங்கள் ரம்மி ஆடுவோம். எதிரே இருப்பவன் கையில் ஜோக்கர் இருக்கிறதா, இல்லையா என்பது எனக்கு முகத்தைப் பார்த்தே தெரியும் என்று நான் அடித்துப் பேசுவேன். அறைத் தோழன் ஒருவன் வாதாடவில்லை. சுண்ணாம்புக்கட்டியால் கதவின் உட்பக்கத்தில் சரிக்கு ஒரு கோடு, தவறுக்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வந்தான். மாதக் கடைசியில் எண்ணினோம். இரண்டு பத்தியும் ஏறக்குறைய ஒரே உயரம். அதன் பிறகுதான் எனக்குப் புள்ளியியலில் ஆர்வம் வந்தது என்று சொன்னால் சற்று மிகையாகும். கதவைத் துடைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

நீங்கள் துடைக்காமல் வைத்திருங்கள். நூறு பதிவு ஆனதும் அந்தப் பக்கங்களின் படியை எனக்கு அனுப்புங்கள். கூட்டல் கழித்தலை இந்தப் பகுதியிலேயே சேர்ந்து செய்வோம். அப்பாவிடம் ஒக்கியன்று காலையில் காற்று எப்படி இருந்தது என்று கேட்டு, அதையும் எழுதியனுப்புங்கள்.